இரண்டு அறை, ஐந்து பேர்: பீரோ வாங்காமல் வீட்டில் இடம் காண்பது

சேலம் செவ்வாய்ப்பேட்டைக்கு அருகே லைன் வீட்டில் குடியிருக்கும் ஒரு பெண் கேட்டிருக்கிறார். முன்னறை பத்துக்குப் பத்து அடி. உள்ளறையும் சமையல் மூலையும் சேர்ந்து இன்னொரு பத்துக்குப் பத்து. கணவர் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறார். இவர் வீட்டில் இருந்தபடியே கொலுசுக்கு வளையம் கோர்த்துக் கொடுக்கிறார். மகள் ஒன்பதாம் வகுப்பு, மகன் நான்காம் வகுப்பு. ஏற்காட்டு மலைக்கிராமத்தில் தனியாக இருந்த மாமியார், ஒரு ட்ரங்குப் பெட்டியோடும் கம்பளி மூட்டைகளோடும் இப்போது இவர்களுடன் வந்துவிட்டார். வாடகை 4,000 ரூபாய். “கால் வைக்க இடமில்லை. தவணையில் இன்னொரு பீரோ எடுக்கலாமா? கையில் காசில்லாமல் வேறு வழி உண்டா?” என்பது கேள்வி.

பீரோ வேண்டாம். காரணத்தைக் கணக்காகவே சொல்கிறேன். சாதாரண இரட்டைக் கதவு பீரோ 3 அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் இருக்கும். தரையில் அது பிடிப்பது 4.5 சதுர அடி. கதவைத் திறக்க முன்னால் இன்னும் ஒன்றரை அடி காலியாக இருந்தாக வேண்டும். அங்கே எதையும் வைக்க முடியாது. ஆக 9 சதுர அடி போய்விடும். ஒரு ஆள் படுக்கும் பாய் இரண்டரைக்கு ஆறு, அதாவது 15 சதுர அடி. வீட்டுக்கு ஒரு ஆள் கூடியிருக்கிற நேரத்தில், ஒருவர் படுக்கும் இடத்தில் பாதிக்கு மேல் விழுங்கும் ஒன்றைத் தவணை கட்டி வாங்கி வைப்பதில் அர்த்தமில்லை. வாங்கியபின் அதற்குள் போகப்போவது பெரும்பாலும் இப்போது யாருக்கும் தேவைப்படாத துணிதான்.

இந்த 15 சதுர அடியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேருக்கு 75 சதுர அடி. உங்கள் வீடு மொத்தம் 200. இரவு ஒன்பது மணிக்கு யாரையும் அதட்டாமல், எதையும் தூக்கி இன்னொன்றின் மேல் வைக்காமல், 75 சதுர அடி தரை காலியாகக் கிடைக்கிறதா? உங்கள் வீடு ஒழுங்காக இருக்கிறது என்பதற்கு நான் வைக்கும் அளவு இது மட்டும்தான். படங்களில் பார்க்கிற, ஒரே நிற டப்பாக்கள் வரிசையாக நிற்கும் அலமாரியை மறந்துவிடுங்கள். ஒரு சாக்பீஸ் எடுத்து, ஐந்து பாயும் எங்கே விழும் என்று தரையில் ஒருமுறை கோடு போட்டுப் பாருங்கள். அந்தக் கோட்டுக்குள் பகலும் இரவும் நகராமல் உட்கார்ந்திருக்கும் பொருள் எதுவோ, அதுதான் உங்கள் முதல் வேலை.

வாடகையையும் இதே கண்ணால் பாருங்கள். 200 சதுர அடிக்கு 4,000 ரூபாய் என்றால் சதுர அடிக்கு மாதம் 20 ரூபாய். ஓடாத டிவி, உடைந்த நாற்காலி, கழற்றிச் சாய்த்த கட்டில் சட்டம் எல்லாம் சேர்ந்து 10 சதுர அடி பிடித்தால், அவற்றைக் குடிவைக்க மாதம் 200, வருடம் 2,400 ரூபாய் கொடுக்கிறீர்கள். பழைய இரும்புக் கடையில் அவற்றுக்கு மொத்தமாக என்ன கிடைக்கும் என்று நினைத்துப் பார்த்தால் முடிவெடுப்பது எளிது.

இதைச் சொன்ன கையோடு இன்னொன்றையும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். “ஒரு வருடம் தொடாத பொருளைத் தூக்கி எறி” என்று பரவலாகச் சொல்லப்படும் அறிவுரை உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. தேவைப்பட்டால் மறுநாளே கடைக்குப் போய் வாங்கிக்கொள்ளக்கூடியவருக்கு அது சரி. மாதச் சம்பளம் இல்லாத வீட்டில், சும்மா கிடப்பதுபோல் தெரிகிற பொருளில் பாதி, நாளைய செலவைத் தடுக்கிற சேமிப்பு. கூடுதலாக இருக்கும் குடம், பெரியவள் போட்டுச் சிறுத்துப்போன சீருடை, பிரிக்காத பொங்கல் இலவசச் சேலை, சீர்வரிசைக் குண்டான் எல்லாம் இந்த வகை. அதனால் “கடைசியாக எப்போது தொட்டேன்” என்று கேட்காதீர்கள். இது இல்லாமல் போய்த் தேவைப்பட்டால் காசு கொடுத்து வாங்க வேண்டுமா, அல்லது பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிக்கொள்ளலாமா என்று கேளுங்கள். வாங்கத்தான் வேண்டும், அதுவும் நாலு நாள் கூலி போகும் என்றால் வையுங்கள். தரையில் மட்டும் வைக்காதீர்கள்.

தரையில் வைக்காதே என்பது நம் ஊர்ப் பழைய வீடுகள் முழுக்க இருந்த ஒழுங்கு. நான் வளர்ந்தது அம்மாபேட்டையில் தறி வீட்டில். முன்னறையில் குழித்தறி. நெய்கிறவர் தரை மட்டத்தில் உட்கார்ந்து, கால் இரண்டையும் குழிக்குள் விட்டு மிதிப்பார். தறியை யாரும் நகர்த்த முடியாது. அதுதான் சோறு போடுகிறது. அறையில் முக்கால் பங்கு அதற்குப் போய்விட்டபின் மீதி வாழ்க்கை முழுவதும் சுவரிலும் கூரையிலும்தான். விளக்குக்கும் தீப்பெட்டிக்கும் சுவரில் மாடம். மோர்ப்பானைக்கும் நெய்ச்சட்டிக்கும் உறி. மாற்றுத்துணிக்குக் கொடி. அரிவாளும் விசிறியும் கூரை தாழ்ந்து இறங்கும் எரவாணத்தில் செருகியிருக்கும். பருப்பும் புளியும் மிளகாயும் அடுக்குப்பானையில், ஒன்றின் தலையில் ஒன்றாக, ஒரே ஒரு பானை நிற்கும் இடத்தில் ஐந்து பானை. வருடத்துக்கு ஒருமுறை தேவைப்படுவது அட்டாலியில், அதாவது பரணில். கட்டில் இல்லை, பாய்தான். பகலில் அது சுருட்டி நிறுத்திய ஒரு குழல், இரவில் படுக்கை. இதற்கு மேல் சிறந்த அறைகலனை நான் இதுவரை பார்க்கவில்லை.

அந்த வீடுகளில் எதற்கும் பூட்டு, அலமாரி, டப்பா கிடையாது. ஆனாலும் இருட்டில் கை நீட்டினால் தீப்பெட்டி கிடைக்கும். ஒவ்வொரு பொருளுக்கும் உயரம் விதிக்கப்பட்டிருந்தது. தினமும் வேண்டியது கைக்கு எட்டும் உயரம். வாரத்துக்கு ஒருமுறை வேண்டியது கையைத் தூக்கினால் எட்டும் உயரம். வருடத்துக்கு ஒருமுறை வேண்டியது ஏணி போட்டால் எட்டும் உயரம். குனிந்து எடுக்கும் உயரத்தில் தண்ணீரும் மனிதர்களும் மட்டும். உங்கள் லைன் வீட்டில் மாடமும் எரவாணமும் இல்லாமல் இருக்கலாம். இந்த உயர வரிசை அப்படியே பொருந்தும்.

வேலையை எப்படித் தொடங்குவது? எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் குவித்துப் பிரிக்கச் சொல்வார்கள். 200 சதுர அடியில் குவிக்க இடம் எங்கே? மாலை பிள்ளைகள் பள்ளியிலிருந்து வரும்போது வீடு முன்பைவிட மோசமாகக் கிடக்கும், மாமியார் எங்கே உட்காருவார்? ஒரு பெட்ஷீட்டை விரியுங்கள். அதன்மேல் கொள்ளும் அளவு மட்டும் எடுங்கள். அதைப் பிரித்து, துடைத்து, இடம் பார்த்து வைத்து, பெட்ஷீட்டை மடித்தபின் நிறுத்திவிடுங்கள். மறுநாள் இன்னொரு பெட்ஷீட். அட்டாலியில் ஆரம்பிக்க வேண்டாம். அங்கிருந்து இறங்குவது எல்லாம் தரைக்குத்தான் வரும், தரைதான் உங்களிடம் இல்லை. முதலில் கதவுக்குப் பின்னால், பிறகு கட்டில் போட்டிருந்தால் அதன் அடியில், பிறகு ஜன்னல் திண்டு. தரையில் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தபின் அட்டாலியைத் தொடுங்கள்.

பிரிக்கும்போது கை நின்றுபோகும் பொருள்கள் வரும். வைப்பதா, கொடுப்பதா என்று தெரியாது. தொழிற்சாலைகளில் வேலையிடத்தை ஒழுங்குபடுத்த ஜப்பானிலிருந்து வந்த 5எஸ் முறையில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். சந்தேகமான பொருளில் சிவப்பு அட்டை கட்டித் தேதி போட்டு ஒதுக்குவார்கள். குறித்த காலம்வரை யாரும் கேட்டு வரவில்லை என்றால் அது வெளியே போகும். உங்களுக்கு அட்டைகூட வேண்டாம். சேலத்தில் கழிவு நூலுக்கா பஞ்சம்? சிவப்பு நூலைக் கட்டி ஒரு சாக்கில் போடுங்கள். கெடுவாக ஆடியை வையுங்கள். கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு உறவினர்கள் வருவதற்கு முன் வீட்டைத் துடைத்துச் சுத்தம் செய்வது சேலத்தில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அதுவரை நூல் அவிழாத பொருள் வீட்டுக்குத் தேவையில்லை. ஆடி தாண்டிவிட்டது என்றால் போகிப் பண்டிகை இருக்கிறது. ஆனால் போகியன்று எதையும் எரிக்காதீர்கள். பிளாஸ்டிக்கும் ரப்பரும் நைலான் துணியும் எரிந்தால் அந்தப் புகை லைன் வீட்டின் பத்துக் குடும்பத்துக்குள்ளும் போகும், உங்கள் மாமியாரின் நெஞ்சுக்குள்ளும் போகும்.

வெளியே போகிறவற்றில் பெரியது அநேகமாக டிவி. 2006-க்குப் பிறகு அரசு கொடுத்த இலவச வண்ணத் தொலைக்காட்சிகள் ஓடாமல் இன்னும் எத்தனையோ வீடுகளில் மேசையாகவும் பொம்மை வைக்கும் தட்டாகவும் இருக்கின்றன. 2011-க்குப் பிறகு வந்த மிக்சி, கிரைண்டர், மின்விசிறியும் அப்படியே. மின்விசிறியையும் மிக்சியையும் பழுது பார்க்கிறவரிடம் ஒருமுறை காட்டுங்கள். சின்னச் செலவில் ஓடும் என்றால் ஓட வையுங்கள், இல்லையென்றால் அவரிடமே உதிரிப்பாகத்துக்குக் கொடுத்துவிடுங்கள். படக்குழாய் வைத்த பழைய டிவியை உடைக்கக் கூடாது, அதன் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. செம்புக்கம்பிக்காக அதைத் திறந்து எரிக்கிறவர்களிடம் கொடுப்பதும் தவறு. மின்கழிவாகச் சேகரிக்கிறவர்களிடம் முழுதாகக் கொடுங்கள். எரிந்துபோன சிஎஃப்எல் பல்பில் பாதரசம் உண்டு. அதையும் உடையாமல் தனியாகக் கட்டிக் கொடுங்கள். உப்பிய செல்போன் பேட்டரி, பவர் பேங்க் இருந்தால் இன்றே வீட்டை விட்டு வெளியேற்றுங்கள். துணிக்கு நடுவே வைத்திருப்பது ஆபத்து.

மகளின் சீருடை, பழைய பாடப்புத்தகம், புத்தகப்பை எல்லாம் மகனுக்கு ஆகும் என்று எடுத்து வைத்திருப்பீர்கள். ஒன்பதாவது படிக்கிறவளின் பொருள் நான்காவது படிக்கிறவனுக்கு வந்து சேர ஐந்து வருடம் ஆகும். அதற்குள் பாடத்திட்டம் மாறலாம், துணி இற்றுப்போகும். தெருவில் இப்போது அது பொருந்தும் குழந்தைக்குக் கொடுங்கள். அதற்குக் கைம்மாறாக வேறொரு வீட்டிலிருந்து உங்கள் மகனுக்கு ஒன்று வரும். லைன் வீட்டில் வாழ்வதன் பெரிய வசதி இது. ஏணி, இட்லிக் கொப்பரை, பெரிய அண்டா, சுத்தியல், ஊசி நூல் டப்பா என்று பத்து வீட்டுக்கு ஒன்று போதுமான பொருளைப் பத்து வீட்டிலும் வைத்திருக்கிறோம். யார் வீட்டில் எது இருக்கும் என்று பேசிப் பிரித்துக்கொண்டால் எல்லோர் அட்டாலியும் பாதி காலியாகும். அடுத்த வீட்டுக்காரரிடம் பேசிப் பாருங்கள், ஒரு வீடு ஒத்துக்கொண்டாலே லாபம்.

சமையல் மூலையில் குடங்களைக் குறைக்கச் சொல்ல மாட்டேன். மேட்டூரிலிருந்து வரும் நல்ல தண்ணீர் தினமும் வருவதில்லை என்பது சேலத்தில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். உப்புத் தண்ணீருக்கு ஒரு டிரம், நல்ல தண்ணீருக்கு வரிசையாகக் குடங்கள் இருந்தே ஆக வேண்டும். செய்யக்கூடியது வேறு. காலியான குடங்களைப் படுக்க வைக்காமல் கவிழ்த்து அடுக்குங்கள். டிரம்மின் மூடிமேல் ஒரு பலகை போட்டு, அதைப் பாத்திரம் கவிழ்க்கும் மேடையாக்குங்கள். அந்த இடத்துக்கு இரண்டு வேலை. டிரம்மை வாரத்துக்கு ஒருமுறை காலி செய்து உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் சாகாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரை மட்டும் மாற்றினால் போதாது என்பது இதனால்தான். பலகையை எளிதில் தூக்க முடிகிற மாதிரி வையுங்கள், இல்லாவிட்டால் கழுவுவது தள்ளிப்போகும்.

கேஸ் சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்து, காற்றோட்டமான இடத்தில், அடுப்பைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். இடம் மிச்சம் செய்வதாக நினைத்து அதைச் சுற்றித் துணித்திரை கட்டி, அந்தத் திரைக்குள் எண்ணெய் டின்னையும் பழைய பேப்பரையும் செருகி வைத்திருக்கும் வீடுகளைப் பார்க்கிறேன். பதறுகிறது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும், மூடிய மூலையில் சேர்ந்துகொள்ளும். அந்த ஒரு சதுர அடியைச் சிலிண்டருக்கே விட்டுவிடுங்கள்.

கடப்பாக்கல் அலமாரி இருந்தால், இரண்டு கல்லுக்கு நடுவே முக்கால் அடி வெற்றிடம் வீணாகப் போவதைப் பார்ப்பீர்கள். கீழே டம்ளர், அதற்குமேல் வெறும் காற்று. ஒரு மரப்பெட்டியை வாய் முன்பக்கம் வருகிறபடி உள்ளே வைத்தால் ஒரு தட்டு இரண்டாகிவிடும். மாம்பழ சீசனில் பழக்கடைகளில் மரப்பெட்டி மிஞ்சும். கேட்டால் சும்மாவோ சில்லறைக்கோ கிடைக்கும். வெயிலில் இரண்டு நாள் காயவைத்து, ஆணி முனைகளைத் தட்டி மடக்கிவிட்டு உள்ளே கொண்டு வாருங்கள். அட்டைப்பெட்டியைச் சமையலறைக்குள் சேர்க்காதீர்கள். அதன் நெளிவு இடுக்குகள் கரப்பான் முட்டையிடத் தோதான இடம். தரையில் வைத்தால் கரையானும் வரும். அரிசிக்கு மூடி இறுக்கமான டின் போதும். போன மாத மிச்சத்தை மேலே எடுத்து வைத்துவிட்டு, புதிய ரேஷன் அரிசியை அடியில் கொட்டுங்கள். காய்ந்த வேப்பிலை கொஞ்சம் போடுங்கள். பெயிண்ட் வந்த பக்கெட்டை எவ்வளவு கழுவினாலும் உணவுப்பொருளுக்குப் பயன்படுத்தக் கூடாது. செருப்புக்கும் கருவிகளுக்கும் அது நல்லது.

இப்போது உங்கள் வேலை மூலை. இதில் நான் சமரசம் செய்துகொள்ள மாட்டேன். வெள்ளி உங்களுக்கு எடை போட்டு வருகிறது, எடை போட்டுத் திரும்பிப் போகிறது. பாய்க்குள்ளும் பிள்ளைகளின் பைக்குள்ளும் சிதறும் ஒவ்வொரு வளையமும் உங்கள் கூலியில் கழிகிறது. ஆகவே வேலைக்கு ஒரு நிரந்தர மூலை வேண்டும். ஜன்னல் வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து, விளிம்பு உயர்ந்த ஒரு பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தின் மேல் வெள்ளைத் துணி விரித்து, அதற்குள்ளேயே கோர்ப்பதை வழக்கமாக்குங்கள். எழுந்திருக்க நேர்ந்தால் துணியின் நான்கு மூலையையும் கட்டித் தாம்பாளத்தோடு மேலே தூக்கி வைத்துவிடலாம். அந்த மூலைக்கென்று தனித் துடைப்பமும் தனி முறமும் இருக்கட்டும். அங்கே கூட்டும் தூசியில் வெள்ளி இருக்கும். வீட்டுக் குப்பையோடு கலக்காமல் ஒரு டப்பாவில் சேர்த்து வையுங்கள். கணவர் பட்டறையிலிருந்து அமிலமோ பற்றவைப்புப் பொடியோ வீட்டுக்கு எடுத்து வருகிற பழக்கம் இருந்தால் அதை நிறுத்தச் சொல்லுங்கள். நிறுத்த முடியாது என்றால், தண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்க் பாட்டிலிலோ அதை ஊற்றி வைக்கவே கூடாது, பிள்ளைகள் எட்டும் உயரத்திலும் வைக்கக் கூடாது.

துணிக்கு உங்களிடம் இருக்கும் பீரோ போதும். ஆளுக்கு ஒரு தட்டு, ஐந்து தட்டு. தட்டில் கொள்ளாதது தட்டின் சொந்தக்காரருடைய பிரச்சினை. அவரே எதை விடுவது என்று முடிவு செய்யட்டும். பட்டுச்சேலையும் வேட்டியும் இங்கே வேண்டாம், அவை அட்டாலிக்கு. துணியை அடுக்காமல் சுருட்டி நிற்க வைத்தால் ஒன்றை எடுக்கும்போது மற்றது சரியாது. பகலில் தலையணைகளையும் போர்வைகளையும் ஒரு பழைய சேலைக்குள் உருட்டி இரண்டு முனையும் கட்டிவிடுங்கள். சுவரோரம் போட்டால் மாமியார் சாய்ந்து உட்காரும் திண்டாகிவிடும்.

சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடமாட்டார் என்றால் இருக்கிறதை வைத்துச் சமாளியுங்கள். ஜன்னல் கம்பியில் கட்டுக்கம்பியை எஸ் வடிவில் வளைத்து மாட்டினால் கரண்டி, வடிகட்டி, பை எல்லாம் தொங்கும். தூளி கட்டுவதற்கான வளையம் கூரையில் இருந்தால், அதில் கயிறு கட்டி ஒரு கூடையைத் தொங்கவிடுங்கள். வெங்காயமும் பூண்டும் காற்றாடக் கிடக்கும், எலி எட்டாது. பழைய ஜீன்ஸின் பாக்கெட்டுகளை வெட்டி ஒரு சேலைத்துண்டில் வரிசையாகத் தைத்துக் கதவுக்குப் பின்னால் தொங்கவிட்டால் சீப்பு, மருந்து, சார்ஜர், சாவி எல்லாவற்றுக்கும் இடமாயிற்று. கொடியில் ஈரத்துணியும் மறுநாள் போடும் துணியும் மட்டும். கொடி நிறையத் தொங்கினால் அறை பாதியாகச் சுருங்கித் தெரியும்.

அட்டாலிக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. உங்கள் கூரை சிமெண்ட் அட்டையாக இருந்தால் சித்திரை, வைகாசியில் அட்டாலி அடுப்பைப் போலக் கொதிக்கும். மருந்து, புகைப்படம், எண்ணெய், பேட்டரி எதுவும் அங்கே போகக் கூடாது. எவர்சில்வர் அண்டாவும் குண்டானும் போகலாம். அவற்றைக் காலியாக ஏற்ற வேண்டாம். பட்டுச்சேலை, விருந்தாளிப் போர்வை, பண்டிகைச் சாமான் எல்லாவற்றையும் அவற்றுக்குள் வைத்து மூடி, மூடிக்கும் வாய்க்கும் குறுக்கே கயிறு கட்டிவிடுங்கள். எலி கடிக்க முடியாத பெட்டி இதைவிடக் கடையில் கிடைக்காது. நன்றாகத் துவைத்த ஜவ்வரிசிச் சாக்கு கனமில்லாத பொருளுக்கு ஆகும். ஒவ்வொன்றின் வெளியேயும் உள்ளே என்ன இருக்கிறது என்று மகள் கையால் சீட்டு எழுதி ஒட்டட்டும்.

காகிதங்களைப் பற்றிச் சுருக்கமாக. பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், ரேஷன் அட்டை, வாடகை ஒப்பந்தம், வங்கிப் புத்தகம், காப்பீட்டுப் பத்திரம், மீட்காத நகை அடகு ரசீது இவை ஒரே பையில், வாசலுக்கு அருகே, ஒரு கையால் எடுத்துக்கொண்டு ஓடக்கூடிய இடத்தில். மாமியாரின் மருத்துவச் சீட்டுகள் தேதி வரிசையில் இன்னொரு பையில். கட்டி முடித்த பழைய ரசீது, கல்யாணப் பத்திரிகை, கடைக் காலண்டர் எல்லாம் பழைய பேப்பர் கடைக்கு.

தினசரி ஒழுங்குக்கு உங்களிடம் இயல்பாகவே ஒரு நேரம் இருக்கிறது: பாய் விரிக்கும் நேரம். தரை காலியாகாமல் யாரும் படுக்க முடியாது. அதற்கு முன் தரையில் கிடப்பதையெல்லாம் மகன் ஒரு கூடையில் பொறுக்கிப் போடட்டும். அவரவர் பொருளை அவரவர் எடுத்து இடத்தில் வைத்துவிட்டு வந்தால்தான் பாய். எல்லாவற்றையும் நீங்களே எடுத்து வைக்காதீர்கள். பகலெல்லாம் வளையம் கோர்த்த கை அது. எந்தப் பொருள் எங்கே என்று உங்களுக்கு மட்டும் தெரிந்த வீட்டில், நீங்கள் ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் மற்ற நான்கு பேரும் திணறுவார்கள்.

மாமியாரின் ட்ரங்குப் பெட்டியை நீங்கள் திறக்க வேண்டாம். ஒரு வீட்டையே விட்டுவிட்டு வந்தவரிடம் மிஞ்சியிருப்பது அது மட்டும்தான். அதற்குள் இருப்பது உங்களுக்குப் பயனற்றதாகத் தெரிந்தாலும் அது கழிக்க வேண்டிய பொருள்களின் கணக்கில் சேராது. பெட்டியின் நீள அகலத்தை அளந்து, அதற்கு ஒரு நிலையான இடம் கொடுங்கள்; செங்கல் வைத்துச் சற்று உயர்த்தினால் அடியில் கூட்டலாம், அவர் குனியாமல் திறக்கலாம், மகன் அதையே எழுதும் மேசையாக்கிக்கொள்ளலாம். பெட்டிக்கு வெளியே இருக்கும் கம்பளி மூட்டைகளைப் பற்றி அவரிடமே கேளுங்கள். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் பனியிலும் சாரலிலும் வாழ்ந்தவருக்கு அவை உயிர். சேலத்தில் மார்கழி, தை தவிர அவற்றுக்கு வேலை குறைவு. அவருக்குப் பிடித்த ஒன்றைக் கையோடு வைத்துக்கொள்ளட்டும். மற்றவை மலை ஈரத்தை உள்ளே வைத்துக்கொண்டு வந்திருக்கும். அப்படியே பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூஞ்சை பிடித்து நாறும். நல்ல வெயில் நாளாகப் பார்த்து, கல்லில் போடாமல் கொடியில் போட்டு, இரண்டு பக்கமும் திருப்பிக் காயவைத்து, சூடு ஆறியபின் மடித்து, அந்துருண்டையைத் துணியில் முடிந்து உள்ளே வைத்து அண்டாவுக்குள் மூடுங்கள். அந்துருண்டை பிள்ளைகள் கைக்கு எட்ட வேண்டாம். எந்த அண்டாவில் அவருடைய கம்பளி இருக்கிறது என்பதை அவரிடம் காட்டி, சீட்டில் அவர் பெயரையே எழுதச் சொல்லுங்கள்.